குழந்தைக்குச் சிரங்கு: வேப்பிலை, மஞ்சள், கந்தகம் எதுவரை உதவும்?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போதே மழையும் பிடித்துக்கொள்கிறது. கைலி காயாது, போர்வை காயாது, பிள்ளைகள் எல்லோரும் ஒரே கொசுவலைக்குள் படுப்பார்கள். பர்மாவில் ரங்கூனோ பகோவோ மௌல்மீனோ, ஒரு பிள்ளைக்கு விரலிடுக்கில் பொரிப்பொரியாகக் கிளம்பினால் கொஞ்ச நாளில் வீடே ராத்திரியில் சொறிகிறது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மண்டலே, சகாயிங் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் கூடாரங்களில் நெருக்கியடித்துப் படுக்க நேர்ந்தது. சிரங்கு பரவ அதைவிட வசதியான சூழல் வேண்டியதில்லை.

மருந்து விஷயத்தில் வருகிற ஆலோசனைகளோ ஒன்றுக்கொன்று முரண். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டால் போதும் என்கிறார் பாட்டி. கைமருந்தே கூடாது, ட்யூப் வாங்கு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கந்தகம் கேட்டு ரங்கூன் தெய்ன்ஜி சந்தை நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறார் அப்பா. மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மூன்றிலும் ஆபத்தும் இருக்கிறது. கைமருந்தோ ஆங்கில மருந்தோ, சிரங்கில் தோற்றுப்போவதற்கு முக்கியக் காரணம் ஒன்றுதான்: சொறிகிற பிள்ளைக்கு மட்டும் போடுவது. அது ஏன் என்று புரிய, முதலில் பூச்சியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிரங்கு உண்டாவது எப்படி

"உடம்புச் சூடு", "ரத்தம் கெட்டுப்போச்சு", "கருவாடு சாப்பிட்டது சேரலை" என்று பல காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் ஒரு பூச்சி. உண்ணி, சிலந்தி இனத்தைச் சேர்ந்தது, எட்டுக் கால், பெண் பூச்சியே அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 1687-இலேயே இத்தாலியில் போனோமோ, செஸ்தோனி என்ற இருவர் இதை உருப்பெருக்கியில் பார்த்து, இதுதான் காரணம் என்று எழுதிவிட்டார்கள். அது வேலை செய்யும் விதம் இது:

1. பெண் பூச்சி தோலின் மேலடுக்கில் குடைந்துகொண்டே போகிறது. ஒரு நாளைக்கு 2, 3 முட்டை வீதம் ஒன்று இரண்டு மாதம் இடுகிறது.
2. மூன்று நான்கு நாளில் முட்டை பொரிகிறது. குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிடும் பூச்சியாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.
3. சாதாரணச் சிரங்கில் ஒருவர் உடம்பில் மொத்தமே பத்துப் பதினைந்து பூச்சிகள்தான் இருக்கும். அரிப்பு, பொரி எல்லாம் பூச்சிக்கும் அதன் எச்சத்துக்கும் உடம்பு காட்டுகிற ஒவ்வாமை.
4. அந்த ஒவ்வாமை உருவாக நாளாகும். முதல் தடவை பூச்சி ஏறியவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கலாம். ஏற்கெனவே வந்து போனவருக்கு ஒன்றிரண்டு நாளிலேயே தொடங்கிவிடும்.

நான்காவதை மறுபடி ஒரு தடவை படியுங்கள். மூத்தவன் சொறிகிறான், தங்கைக்கு ஒன்றும் இல்லை என்று தோன்றும். தங்கை உடம்பில் பூச்சி ஏறி மூன்று வாரம் ஆகியிருக்கலாம். மூத்தவனுக்கு மட்டும் மருந்து போட்டு ஆற்றினால், தங்கையிடமிருந்து அவனுக்குத் திரும்ப வரும். "மருந்து கேக்கல" என்று வேறு மருந்துக்கு ஓடுகிறோம். மருந்து கேட்டிருக்கும், பூச்சி அடுத்த பாயிலிருந்து வந்திருக்கும்.

சிரங்கு பரவப் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. தோலோடு தோல் கொஞ்ச நேரம் ஒட்டியிருந்தால் போதும்: சேர்ந்து தூங்குவது, இடுப்பில் தூக்கி வைத்திருப்பது, கைகோத்து விளையாடுவது. உடம்பை விட்டு வெளியே வந்தால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது. ஆகவே துணி, போர்வை வழியாகவும் வரலாம், ஆனால் அது இரண்டாம் வழிதான்.

பெரிய பிள்ளைகளுக்கு விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, பிட்டம் ஆகிய இடங்களில் வரும். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகத்தில்கூட வரும். உள்ளங்கையில் நீர் கோத்த கொப்புளத்தைப் பார்த்ததும் "அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலை கட்டி, யாரும் தொடாமல், மருந்தும் போடாமல் விட்டுவிடுகிற வீடுகள் உண்டு. அம்மையில் காய்ச்சல் வரும், ஓரிரு வாரத்தில் பொக்கு தட்டி உதிர்ந்துவிடும். காய்ச்சலே இல்லாமல் வாரக்கணக்கில் நீடித்து, ராத்திரியில் அரிப்பு ஏறி, வீட்டில் இன்னொருவரும் சொறிகிறார் என்றால் அது பெரும்பாலும் சிரங்குதான்.

பழைய நூல்கள் என்ன சொல்லின

ஆயுர்வேதம் தோல் நோய்களைக் குஷ்டம் என்ற பெரிய வகைக்குள் வைக்கிறது. அதில் பாமா என்று ஒன்று உண்டு: சின்னச் சின்னதாக நிறையப் பொரி, நீர் வடிதல், அரிப்பு, எரிச்சல். அதுவே கையிலும் பிட்டத்திலும் கொப்புளமாகக் கடுமையாக எழுந்தால் கச்சூ. இன்றைய மருத்துவர் சிரங்கைத் தேடுகிற அதே இடங்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். சுஸ்ருத சம்ஹிதையில் குஷ்ட நோய்களைச் சொல்லும் அத்தியாயம் முடியும் இடத்தில், உடம்போடு உடம்பு படுவது, ஒரே படுக்கை, ஒரே இருக்கை, மற்றவர் துணி, மாலை, பூச்சு ஆகியவற்றால் இந்த நோய்கள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்று தெளிவாக வருகிறது. பூச்சியைப் பார்க்க வழியில்லாத காலத்தில் இவ்வளவு கவனித்திருக்கிறார்கள். நாம் தைலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, படுக்கையைப் பற்றிச் சொன்னதை விட்டுவிட்டோம். பாரம்பரிய வைத்தியம் என்று பேசுகிறவர்கள் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டிய இடமே இதுதான் என்பது என் எண்ணம்.

பர்மாவில் இந்த மரபு நம் வீடுகளோடு நிற்கவில்லை. பர்மியப் பாரம்பரிய வைத்தியத்தின் நான்கு பிரிவுகளில் பேசஜ்ஜ என்ற பிரிவு ஆயுர்வேதத்தை ஒட்டியது. மண்டலேயில் 2001-இல் பாரம்பரிய மருத்துவத்துக்கென்றே பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். ஆகவே தமிழ் வைத்தியரிடம் போனாலும் பர்மிய வைத்தியரிடம் போனாலும் வேம்பு, மஞ்சள், கந்தகம் என்ற பெயர்கள் காதில் விழும்.

ஒவ்வொரு மருந்தாகப் பார்ப்போம்

கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. இது பூச்சியைக் கொல்கிறதா? முட்டையைக் கொல்கிறதா? அரிப்பு குறைவது இரண்டுக்கும் பதில் ஆகாது.

கந்தகம். பட்டியலில் மிகவும் உறுதியானது இதுதான். ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் ஆங்கில மருத்துவமும் சேர்ந்து ஒத்துக்கொள்கிற மருந்து. நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு கந்தகம் வாசலினில் கலந்த களிம்பைக் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்க, மூன்று ராத்திரி தொடர்ந்து பூச வேண்டும். கைக்குழந்தைக்குத் தலை, முகத்துக்கும் சேர்த்து. தோலில் பட்ட கந்தகம் வேறு சேர்மங்களாக மாறி, அவை பூச்சியைக் கொல்கின்றன. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும்கூட மருத்துவர்கள் இதைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். குறை என்றால் நாற்றம், துணியில் கறை, சில குழந்தைகளுக்குத் தோல் வறட்சி.

ஆனால் நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கிடைக்கிற கந்தகத்தை வாங்கி, கண்ணளவில் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசுவது வேறு விஷயம். அளவு கூடினால் தோல் வெந்துபோகும், சுத்தமில்லாததில் வேறு உலோகமும் கலந்திருக்கலாம். நூல்களே கந்தகத்தை நெய்யில் உருக்கிப் பாலில் வடித்துச் சுத்தி செய்யச் சொல்கின்றன. மருந்துக் கடையில் அளவோடு கலந்த களிம்பாகக் கேட்டு வாங்குங்கள். நெல்லிக்காய்க் கந்தகம் (நாட்டு மருந்தில் சேர்க்கிற ஒரு வகைக் கந்தகம்) சேர்ந்த உள்மருந்துகளைக் குழந்தைக்கு வீட்டில் நாமாகக் கொடுக்கக் கூடாது.

வேப்பிலையும் மஞ்சளும். இதற்கு ஆதரவாக எப்போதும் காட்டப்படுவது 1992-இல் ஒரு வெப்பமண்டல மருத்துவ இதழில் வந்த ஆய்வு. 814 பேருக்கு இரண்டையும் அரைத்துப் பூசியதில் 97 சதவீதம் பேர் 3 முதல் 15 நாளுக்குள் குணமானார்கள் என்றது அது. அசட்டை செய்யக் கூடாத எண். ஆனாலும் அது ஒரு முன்னோட்ட ஆய்வு. இன்னொரு குழுவுக்கு வேறு மருந்து கொடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பூச்சியை வெளியே எடுத்துப் பரிசோதித்த ஆய்வுகளில் வேம்பின் சாறு அதைக் கொல்வது தெரிந்திருக்கிறது. தோலுக்குள் குடைந்து கிடக்கிற பூச்சியையும் முட்டையையும் அரைத்த விழுது எட்டுகிறதா என்பது தனிக் கேள்வி. மஞ்சள் வீக்கத்தையும் எரிச்சலையும் தணிக்கும்.

ஆகவே வேப்பிலை போட்டுக் காய்ச்சிய நீரில் குளிப்பாட்டலாம், மஞ்சளும் பூசலாம், கெடுதல் இல்லை. நல்ல மருந்து கைக்கு வரும்வரை தாங்கலாகவும் இருக்கும். வேப்பிலைக்கு இங்கே பஞ்சமும் இல்லை, பர்மியர்கள் தமா என்று கறிக்கே சமைக்கிற இலை. அதை மட்டும் நம்பி ஒரு மாதம் ஓட்டுவதுதான் தவறு.

குப்பைமேனி. இலையை உப்போ மஞ்சளோ சேர்த்து அரைத்துப் பூசுவது நம் வீட்டு வழக்கம். சிரங்குப் பூச்சிமேல் அதன் வேலையைக் காட்டுகிற திடமான ஆய்வு இல்லை. உப்பு, புண்ணான தோலில் குழந்தையைக் கதற வைக்கும். சாறாகக் கொடுப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள் குப்பைமேனி சாப்பிட்டு, ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து ஆபத்தான நிலைக்குப் போனது இலங்கையில் பதிவாகியிருக்கிறது. பர்மாவில் அந்தக் குறைபாடு பரவலாக இருக்கிறது. இருப்பவருக்கே தெரியாது.

புங்க எண்ணெய், தேங்காயெண்ணெய், தனக்கா (பர்மியர்கள் மரப்பட்டையை அரைத்துப் பூசுகிற பூச்சு). தோல் வறட்சிக்கு எண்ணெய் நல்லது, தனக்கா குளிர்ச்சி தரும். இவற்றை நம்பிப் பூச்சி போகும் என்று காத்திருக்க முடியாது. தனக்காவைப் பொரி மேல் அப்பிவிட்டால் புண் சீழ் கட்டியதா என்பதுகூடக் கண்ணுக்குத் தெரியாது.

குழந்தை உடம்பில் செய்யவே கூடாதவை

இயற்கை மருந்து என்பதாலேயே கெடுதல் வராது என்ற நம்பிக்கை குழந்தைகளிடம் பலிக்காது. அவர்கள் தோல் மெலிசு, எடை குறைவு, பூசியதை நக்குவார்கள்.

1. வேப்பெண்ணெயைக் குடிக்கக் கொடுப்பது. மலேசியாவில் இந்தியக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு இப்படிக் கொடுத்து, வாந்தி, மயக்கம், வலிப்பு என்று ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டதை 1981-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். நம்மைப் போலவே கடல் கடந்து போன குடும்பங்கள், நம்மைப் போலவே நல்லது என்று நினைத்துச் செய்தது.
2. கற்பூரம் கரைத்த எண்ணெய். குளுகுளுவென்று இருப்பதால் அரிப்பு அடங்கின மாதிரி தோன்றும். சிறு குழந்தைக்கு, அதிலும் தோல் கிழிந்திருக்கும்போது, உள்ளே இறங்கி வலிப்பு வரவழைக்கும். வாயில் பட்டால் கொஞ்சமே போதும்.
3. மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, மாட்டுக்குப் போடுகிற மருந்து. தோல் வெந்துபோகும், மூச்சில் ஏறினால் நுரையீரல் கெடும்.
4. தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கொப்புளத்தை உடைப்பது. "கெட்ட நீர் வெளியே போகணும்" என்று பிள்ளையைப் பிடித்து வைத்துச் செய்வார்கள். பூச்சி அப்படிப் போகாது. உடைந்த இடத்தில் கிருமி ஏறுவதுதான் மிச்சம்.
5. பாதரசம், பாஷாணம் என்கிற நச்சுச் சரக்குகள் சேர்ந்த தைலங்கள். தோல் நோய்க்குப் பேர்போன மரிச்யாதி தைலத்தின் பழைய செய்முறையில் ஆர்செனிக் கலந்த தாளகம் உண்டு. 2004-இல் அமெரிக்காவில் கடைகளில் விற்ற ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஏதாவது இருந்தது. அங்கே குடியேறிய பர்மியக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்ததற்கு, வீட்டில் வயிற்றுக்காகக் கொடுத்த பாரம்பரிய மருந்து காரணமாக இருந்ததும் கண்டறியப்பட்டது. பெயர், சேர்மானம், தயாரித்தவர் விவரம் அச்சாகாத பொட்டலத்தைக் குழந்தைக்கு வாங்காதீர்கள்.

பத்தியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிரங்கு என்றதும் கத்தரிக்காய், கருவாடு, முட்டை, ஙாப்பி (பர்மிய மீன் விழுது) எல்லாம் நிறுத்திவிடுவார்கள். பூச்சிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை. புண் ஆற வேண்டிய பிள்ளைக்கு மீனும் முட்டையும் கட்டாயம் வேண்டும்.

ஆங்கில மருந்துகளும் அவற்றின் பொறிகளும்

முதல் மருந்து 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம். இரண்டு மாதம் முடிந்த குழந்தையிலிருந்து போடலாம். ராத்திரி பூசி 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி. அடுத்து பென்சைல் பென்சோயேட். 25 சதவீத மருந்தை அப்படியே குழந்தைக்குப் போட்டால் எரிச்சல் தாங்காது, சம அளவு தண்ணீர் கலந்து பாதியாக்கிப் பூச வேண்டும். கைக்குழந்தைக்கு இன்னும் நீர்க்க வேண்டும், மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

மாத்திரையாகக் கிடைப்பது ஐவர்மெக்டின். ஒரு கிலோ எடைக்கு 200 மைக்ரோகிராம், அதாவது 15 கிலோ பிள்ளைக்கு 3 மில்லிகிராம், 30 கிலோவுக்கு 6 மில்லிகிராம். ஒன்று இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை.

"ட்யூப் வாங்கு" என்கிற ஆலோசனையில்தான் பொறி இருக்கிறது. அரிப்புக்கு என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற ட்யூப்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் சிவப்பு மறையும், அரிப்பு அடங்கும். உடம்பின் எதிர்ப்பை அமுக்கியதால் வந்த அமைதி அது. பூச்சி நிம்மதியாகப் பெருகும், பொரியின் தோற்றமே மாறிப்போய் மருத்துவருக்கும் அடையாளம் தெரியாது. சிரங்கு என்று சந்தேகம் இருக்கும்வரை ஸ்டீராய்டு ட்யூபைத் தொடாதீர்கள்.

ஒரே ராத்திரியில் செய்ய வேண்டியது

எந்த மருந்தைத் தேர்ந்தாலும் செய்முறை இதுதான்.

1. வீட்டில் படுக்கிற எல்லோருக்கும் மருந்து வாங்குங்கள். சொறியாதவருக்கும், தாத்தா பாட்டிக்கும், வாடகைக்குக் கூட இருப்பவருக்கும்.
2. எல்லோரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும். நகத்தை வெட்டி நகக்கண்ணுக்குள், விரலிடுக்கில், தொப்புளில், தொடையிடுக்கில் விடாமல். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கண், வாய் தவிர்த்துத் தலை முகத்துக்கும். கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும்.
3. மறுநாள் காலை கடந்த மூன்று நாளில் உடுத்திய துணி, கைலி, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் கொதிக்கிற வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். மழையில் முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி நான்கைந்து நாள் திறக்காமல் வையுங்கள். சாப்பாடு இல்லாமல் பூச்சி செத்துவிடும்.
4. பெர்மெத்ரின் என்றால் ஏழாம் நாள் எல்லோரும் மறுபடி பூசுங்கள். முதல் பூச்சில் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரிந்திருக்கும், ஆனால் முட்டையிடும் வயதுக்கு வந்திருக்காது. அந்த இடைவெளியில்தான் பிடிக்க வேண்டும்.
5. அதற்குப் பிறகும் இரண்டிலிருந்து நான்கு வாரம் அரிப்பு இருக்கலாம். செத்த பூச்சியும் எச்சமும் தோலில் இருக்கும்வரை ஒவ்வாமை போகாது. புதிதாகப் பொரி கிளம்பாவிட்டால் திரும்பத் திரும்ப மருந்து பூசாதீர்கள். தேங்காயெண்ணெயும் வேப்பிலை நீரும் உண்மையில் உதவுகிற கட்டம் இதுதான்.

எப்போது உடனே போக வேண்டும்

சாதாரணச் சிரங்கு நேரடியாக உயிரை எடுக்காது, ஆனால் சொறிந்த புண் வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகள் நுழையும். மஞ்சள் பொக்கு கட்டிச் சீழ் வடிந்தால் அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும், அதை எந்த இலையும் செய்யாது. புண் ஆறி சில வாரம் கழித்து, பிள்ளை காலையில் எழும்போது முகமும் கண்ணும் வீங்கியிருந்து, மூத்திரம் தேயிலைச் சாயம் போலக் கறுத்துப்போனால், சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், புண்ணைச் சுற்றிச் சிவந்து சூடாகப் பரவுதல், இரண்டு மாதம் நிரம்பாத குழந்தை, உடம்பெல்லாம் தடித்த பொருக்காகப் படர்தல் ஆகியவற்றிலும் காத்திருக்கக் கூடாது. பொருக்குச் சிரங்கில் பூச்சி லட்சக்கணக்கில் இருக்கும், ஒருவரிடமிருந்து ஒரு விடுதி முழுக்கப் பரவிவிடும்.

ஒரு வீடு போதாதபோது

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது. எந்த நேரத்திலும் உலகில் 20 கோடிப் பேருக்கு மேல் இது இருக்கிறது. வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் வாழ்கிற ரொஹிங்கியா அகதிகளிடம் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2023-இல் பார்த்தபோது ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்குச் சிரங்கு இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் வீடு வீடாக வைத்தியம் செய்து பயனில்லை, எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஃபிஜி தீவுகளில் ஊரில் உள்ள எல்லோருக்கும் ஐவர்மெக்டின் கொடுத்த ஆய்வில், 32 சதவீதமாக இருந்த சிரங்கு ஒரு வருடத்தில் 2 சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2015-இல் வெளியான முடிவு அது.

நம் அளவில் செய்யக்கூடியது இதன் சின்ன வடிவம். மாலைநேரத் தமிழ் வகுப்பிலோ விடுதியிலோ ஒரு பிள்ளைக்குச் சிரங்கு தெரிந்தால், ஆசிரியர் அதை மற்ற பெற்றோருக்கு அன்றே, பிள்ளையின் பெயர் சொல்லாமல், தெரிவிக்கலாம். மருந்து பூசும் ராத்திரியை எல்லா வீட்டுக்கும் ஒன்றாகக் குறிக்கலாம், சேர்ந்து வாங்கினால் விலையும் குறையும். பிள்ளையை வாரக்கணக்கில் வீட்டில் வைத்திருக்கத் தேவையில்லை: முதல் பூச்சைக் கழுவிய மறுநாளே வகுப்புக்கு அனுப்பலாம்.